பூசையில் வைக்காத கொப்பரை

எங்கள் பட்டறையின் பின்பக்கம், வேலியோரத்தில் ஓர் இரும்புக் கொப்பரை இருக்கிறது. இரண்டு பக்கமும் கனத்த வளையம், அடியில் கரி, விளிம்பில் ஒரு நசுங்கல். பம்புசெட்டு ரிப்பேருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்பார்கள். வெல்லம் காய்ச்ச ஆகும் என்பார்கள். கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிடுவேன். ஆயுதபூசை அன்று பட்டறையில் இருக்கிற ஸ்பானர் முதல் சைக்கிள் பம்பு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கொப்பரைக்கு மட்டும் கிடையாது. இதை மறதி என்று நினைத்துக் குங்குமச் சிமிழோடு ஓடுகிறவர்களை நான் போட்ட சத்தத்தில் பாதி வழியில் நிற்க வைத்திருக்கிறேன். காரணம் கேட்பவர்களுக்கு எங்கள் காண்டிராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மத்தியானம் ஆகும் என்பதால் பெரும்பாலும் சொல்வதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. நான் சேலத்தில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை கற்று, ஆயில் எஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் என்ற கர்வத்தோடு அவரிடம் வந்து சேர்ந்தேன். கிணறு வெட்டுவது, ஏரிக்கரை போடுவது, ரோட்டுக்குக் கல் உடைப்பது என்று எந்த வேலையானாலும் எடுப்பார். கடத்தூர், கம்பைநல்லூர் பக்கம் அவர் ஆள் வெட்டாத கிணறு குறைவு. குட்டையான மனிதர். வெயிலோ மழையோ ஒரு பழுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். பாதி ஊருக்குக் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டிய அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

வேலையைவிட அவரிடம் அதிகம் இருந்தது யோசனை. கருவிகளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். கடப்பாரை வாங்கப் போனால் தூக்கிப் பார்க்காதே, கல்லின்மேல் போட்டுக் கேள், கணீரென்றால் வாங்கு, தொப்பென்றால் உள்ளே விரிசல், காசைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்கு வா என்பார். மம்பட்டிப் பிடியை ஊர் முழுக்க ஒரே நீளத்தில் போடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆளுக்கு ஆள் முதுகு வேறல்லவா என்று கேட்பார். கயிற்றை வெளியே பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. முறுக்கைப் பிரித்து உள்ளே மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும், பூஞ்சை வாசம் அடித்தால் அது ஆளைக் கொல்லும் கயிறு. இதெல்லாம் நல்ல யோசனைதான், இன்றைக்கும் நான் கயிறு வாங்கினால் மோந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அவருக்கு உயிரான சட்டம் ஒன்று இருந்தது. ஒரு வேலைக்கென்று செய்த ஆயுதத்தை வேறு வேலைக்குத் தொடக் கூடாது. ஒருமுறை எவனோ கடப்பாரையைத் தரையில் அடித்து அதில் ஆட்டைக் கட்டிவிட்டான். காண்டிராக்டர் அந்த ஆட்டின் முன்னால் நின்று, கடப்பாரை என்ன முளைக்குச்சியா, நாளைக்கு அதற்குக் கோபம் வந்து பாறையில் வழுக்கினால் உன் காலுக்கு யார் பதில் சொல்வது என்று அரைமணி நேரம் பேசினார். ஆடு அசைபோட்டுக்கொண்டே கேட்டது. ஆட்டைக் கட்டியவன் அதற்குள் தப்பிப் போய்விட்டான்.

என்னோடு அவருக்கு ஓயாத வழக்கு. தருமபுரி ஸ்டேஷனில் ரயிலில் வந்து இறங்கிய எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வந்த நாள் முதல் அதை அவர் சந்தேகமாகவே பார்த்தார். சோறு போடாமல் எண்ணெய் குடிக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, உதைத்தால்தான் எழுந்திருக்கிறது, இதை நம்பி ஆளைக் கிணற்றில் இறக்குவதா என்பார். நானும் விட மாட்டேன். எஞ்சினைச் சுற்றி எழுப்புகிற ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் முறியும் என்று நான் சொன்னபோது மட்டும் மறுபேச்சுப் பேசாமல் என் கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "விரலு எல்லாம் இருக்குதுங்க. அப்ப நீங்க சொல்றது சரிதான்" என்றார். அவரிடமிருந்து நான் பெற்ற ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

எங்கள் கூட்டத்துக்குக் களி கிண்டிப் போட்டவர் ஓர் அக்கா. எல்லோருக்கும் அக்காதான், காண்டிராக்டருக்கும் அக்காதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். சாதாரணமாகத் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவர் வாய் கன்னடத்துக்கு மாறியதும் பாறைக்கு வெடி வைக்கிற ஆட்கள்கூடக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அவருடைய சொத்து இந்தக் கொப்பரையும், களி கிளறுகிற துடுப்பும், ஒரு பழைய கயிறும். முகாம் மாற்றும்போது கொப்பரையை அந்தக் கயிற்றால் வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிடுவார். அது முன்பு கிணற்றுக் கப்பியில் ஓடிய கயிறு. காண்டிராக்டர் ஒருநாள் மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, இது இனி ஆளைத் தாங்காது என்று தூக்கி எறிந்ததை அக்கா எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டர் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். மேல்பாதி கல்கட்டு முடிந்து, ஏறி இறங்கப் படிக்கல் நீட்டியிருந்தது. கீழ்ப்பாதி வழுக்குப் பாறை. கடைசிப் படிக்கல்லிலிருந்து தரைக்கு ஒரு மூங்கில் ஏணி. பூசைக்கு முந்தின நாள் வைத்த வெடியில் பாறை பிளந்து ஊற்று பீறிட்டது. கவுண்டர் வீட்டில் எல்லோருக்கும் வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். எஞ்சினை ஓட்டித் தண்ணீரை இறைத்து இறைத்து அடிமட்டத்தில் வைத்திருந்தேன்.

ஆயுதபூசையில் எங்கள் காண்டிராக்டரின் முறை கடுமையானது. கற்பூரம் காட்டிய பிறகு மறுநாள் காலையில் அவர் தன் கையால் எடுத்துக் கொடுக்கும்வரை எந்த ஆயுதத்தையும் யாரும் தொடக் கூடாது. ஆயுதத்துக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா, ஓய்வில் இருப்பதை எழுப்பினால் அந்த வருஷம் அது ரத்தம் கேட்கும் என்பார். இதற்குச் சாட்சியாக ஒரு கல்தச்சரின் கதை வைத்திருந்தார். பூசை அன்று உளியைத் தொட்ட அந்தத் தச்சருக்கு நான் முதலில் கேட்டபோது கால்விரல் போயிருந்தது. அடுத்த தடவை பாதம். பிறகு முழங்கால். நான் வேலையில் இருந்த காலத்துக்குள் அந்த மனிதர் பெரிதும் குறைந்துபோனார். நாங்கள் பின்னால் சிரிப்போம். ஆனாலும் மருந்து கெட்டித்து வெடி வைக்கிற தொழில். யாரும் தொட்டுப் பார்க்கத் துணிந்ததில்லை.

அன்று காலை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக அடுக்கினார்கள். அக்கா தன் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் ஓரத்தில் வைத்தார். காண்டிராக்டர் பார்த்தார். "அக்கா, சட்டிப் பானையெல்லாம் ஆயுதமாங்க? எடுங்க, எடுங்க" என்றார். அக்கா எடுத்துக்கொண்டு போனார். அடுப்பங்கரைப் பக்கத்திலிருந்து கன்னடம் கேட்க ஆரம்பித்தது. களி அன்று வழக்கத்தைவிடப் பலமாகக் கிளறப்பட்டது.

அப்போதுதான் ஒரு கடப்பாரை குறைவது தெரிந்தது. காண்டிராக்டருக்கு முகம் இருண்டுவிட்டது. ஒன்றை விட்டுவிட்டுப் பூசை போட்டால் விட்டுப்போன ஆயுதம் அதை மனதில் வைத்துக்கொள்ளுமாம். கிணற்றுக்குள் ஊற்றுப் பக்கத்தில் விட்டிருப்பார்கள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். ஆளை அனுப்புங்கள் என்று கல்கட்டு வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எஞ்சினைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்ததால் இறைப்பு நின்றிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. அவர் குனிந்து, பாறைக் குடைவுக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

மேலே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ராகு காலம் வந்துவிடும் என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். காண்டிராக்டர் குனிந்தபடியே, "ஒண்ணு விடாம எல்லாத்தையும் வெச்சாச்சா?" என்று கேட்டார். மேஸ்திரி சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். சுற்றிலும் பார்த்தார். ஏணி இல்லை. படிக்கல் வழியே இறங்கி, ஏணியைக் கப்பிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து, துடைத்து, வரிசையில் வைத்து, கயிற்றையும் சுருட்டி அதன்மேல் வைத்துவிட்டு, "வெச்சாச்சுங்க" என்றார். "அப்பக் கற்பூரத்தக் காட்டு. நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறேன்" என்றது கிணறு.

கற்பூரம் காட்டினார்கள். நான் அப்போது பொரிக்கடலை வாங்கிக்கொண்டு ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தேன். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. நான் வந்து சேர்ந்தபோது எல்லோரும் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே காண்டிராக்டர் நிமிர்ந்து, ஏணி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "நீங்கதாங்க ஒண்ணு விடாமன்னீங்க" என்றார்.

இனி நடந்ததைப் படிப்பவர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைக்கலாம். ஏணி நாலடி தூரத்தில் சந்தனம் பூசிக்கொண்டு படுத்திருந்தது. எடுத்து இறக்கினால் முடிந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒருவன் துணிந்து அடி எடுத்து வைத்தான். காண்டிராக்டரே கீழேயிருந்து, தொடாதே என்று கத்தினார். கவுண்டர் வீட்டுக்கு ஆள் ஓடியது. அங்கே மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் கயிறு, நுகத்தடி, ஏணி எல்லாம் எங்களுக்கு முன்பே பூசையில் உட்கார்ந்துவிட்டன. ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கதை. வேட்டி துண்டுகளை முடிந்து இறக்கலாமென்றால், அது ஆளைத் தாங்காது என்று காண்டிராக்டர் ஒப்பவில்லை. கவுண்டர் மிகவும் வருத்தப்பட்டு ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினார்.

ஆரம்பத்தில் காண்டிராக்டர் தைரியமாகத்தான் இருந்தார். பொரியைத் துண்டில் முடிந்து போட்டோம். நின்றபடியே தின்றுகொண்டு, மூங்கில் ஏணி வாங்கும்போது கணு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் பேச்சு குறைந்தது. கோட்டைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டார். அவரைக் கோட்டு இல்லாமல் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. உச்சிப் பொழுது தாண்டி வத்தல்மலைப் பக்கம் கறுத்து, மழையும் பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து செந்தண்ணீர் வாய்க்காலாக ஓடிவந்து கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது. ஆள் குட்டை என்றேன் அல்லவா.

அப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், வழக்கம்போல் மரியாதையாக, "எஞ்சின்காரரே" என்றார். நான் படிக்கல்லில் கடைசிவரை இறங்கிக் குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார்.

சாத்திரமாவது மண்ணாவது என்று மேலே ஏறி ஓடி, எஞ்சினின் ஹாண்டிலில் கை வைக்கப் போனேன். ஓடுகிற காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து எழும்பிய அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "வேண்டாங்க. தொடாதீங்க. உங்க கை போயிருங்க. அந்தத் தச்சருக்குப் போன கட்ட வெரலு, நான் கண்ணால பாத்தது."

அப்படியானால் அந்தக் கல்தச்சர் உண்மை. போனது காலும் இல்லை, பாதமும் இல்லை. கையில் ஒரு கட்டை விரல். அதை ஒருநாளும் அவர் கதையில் சொன்னதில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் விரலுக்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. அக்கா கொப்பரையை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கிண்டி முடித்த களியை மேஸ்திரியின் புது வேட்டியில் கொட்டிவிட்டிருந்தார். அவசரத்தில் கொப்பரை ஒரு கல்லில் மோதிய இடம்தான் விளிம்பில் இருக்கிற நசுங்கல். வளையங்களில் அந்தப் பழைய கயிற்றை இரட்டையாகக் கட்டியிருந்தார். "இது ஆயுதமில்லீங்களே? காலையில நீங்கதான சொன்னீங்க? அப்ப இதத் தொடலாம்" என்றார் கிணற்றைப் பார்த்து.

கொப்பரை இறங்கியது. மரணத்தின் வாசலில் நிற்கிற மனிதர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட கேள்வி: "அக்கா, அது நான் ஒதுக்குன கயிறாச்சே? அதுல ஆள் ஏறக் கூடாதுங்க."

அக்கா கன்னடத்தில் ஒரு வரி சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியும், எழுத முடியாது. பிறகு தமிழில், "யாரும் உங்கள இழுக்கப் போறதில்ல. ஏறி உக்காருங்க. தண்ணியே தூக்கும். ஒகேனக்கல்லுல பரிசலப் பாத்ததில்லையா?" என்றார்.

அவ்வளவுதான். பரிசல் போல மிதந்த கொப்பரையின் விளிம்பைப் பிடித்து, இரண்டு தடவை அதைக் கவிழ்த்து, மூன்றாம் தடவை உள்ளே விழுந்து உட்கார்ந்தார். ஒட்டியிருந்த களி இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு அடங்கினார். நாங்கள் மேலேயிருந்து கயிற்றைத் தளராமல் பிடித்துக்கொண்டோம். அவரை மூழ்கடிக்க வந்த அதே ஊற்றும் அதே மழையும் சேர்ந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கின. இதைவிட மெதுவாக யாரும் கிணற்றிலிருந்து மீட்கப்பட்டிருக்க மாட்டார்கள். உயிர் பிழைப்போம் என்று உறுதியானதும் அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கல்கட்டில் ஒரு கல் துருத்திக்கொண்டிருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து மேஸ்திரியைத் திட்டினார். கொப்பரை வாங்கும்போது வளையத்தின் ஆணியை எப்படித் தட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பாதி வழியில், காணாமல் போன கடப்பாரை ஞாபகம் வந்தது. கிடைத்ததா என்று கேட்டார். மேலே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர் கூடாரத்துக்குப் பின்னால் இருந்தது. முந்தின நாள் காற்றில் கூடாரம் பறக்கப் பார்த்தபோது அவரே தரையில் அடித்து, அதில் கூடாரக் கயிற்றைக் கட்டியிருந்தார். அக்கா சொன்னார். கொப்பரைக்குள் அவர் கோட்டை ஒருமுறை உதறி மடித்துக்கொண்டார். பிறகு, "அந்த ஆட்டுக்காரங்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கொப்பரை படிக்கல்லைத் தொட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் முழுக்கக் களியோடு, கம்பீரமாகப் படியேறி வந்தார். பூசை நாளில் ஒரு சட்டமும் மீறப்படவில்லை. ஆயுதத்தை யாரும் தொடவில்லை, ஒதுக்கின கயிற்றில் யாரும் ஏறவில்லை. அன்று எல்லோரும் மேஸ்திரியின் வேட்டியிலிருந்து களி தின்றோம். வேட்டி வாசனையோடு இருந்தாலும் அவ்வளவு ருசியான களியை நான் தின்றதில்லை.

அடுத்த வருஷம் பூசையில் வரிசைக்கு முன்னால், எஞ்சினுக்கும் முன்னால், காண்டிராக்டர் ஓர் இடம் விட்டு மெழுகிக் கோலம் போடச் சொன்னார். கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவரே அடுப்பங்கரைக்குப் போய் நின்றார். கொப்பரையைக் கொண்டு வாங்க, அதற்குத்தான் முதல் மரியாதை என்றார். அக்கா துடுப்பைக் களியிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாங்க. எல்லாத்துக்கும் நீங்க ஓய்வு குடுத்துருங்க. இது வேலையில இருக்கட்டும். நீங்க மறுபடியும் எங்கயாச்சும் எறங்குவீங்க."

காண்டிராக்டர் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி நடந்தார். எந்த யோசனையும் சொல்லாமல் அவர் ஒரு பேச்சை ஏற்றுக்கொண்டதை அன்றுதான் கண்டேன். அந்த மெழுகிய இடம் அன்று காலியாகவே இருந்தது. அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். அப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான்.

அக்காவுக்குக் கை தளர்ந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனபோது கொப்பரையை என்னிடம் விட்டுப் போனார். நான் கடத்தூரில் பட்டறை போட்ட பிறகு காண்டிராக்டர் வயதான காலத்தில், அதே கோட்டில், ஆயுதபூசை அன்று தவறாமல் வருவார். நான் வாங்கி வைத்திருக்கிற புது மெஷின்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் கொப்பரை இருக்கிறதா, நெற்றியில் பொட்டில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். விளிம்பு நசுங்கலைத் தடவுவார். அப்புறம் என் கையை வாங்கிப் புரட்டி விரல்களைப் பார்ப்பார். பொரி வாங்கிக்கொண்டு போய்விடுவார். கடைசிவரை நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை.

இந்த வருஷம் என் மகன் கம்பரசர் வாங்கியிருக்கிறான். போர் போடுகிற லாரி ஒன்றும் ரிப்பேருக்கு வந்து நின்றது. அதற்குப் பூசணிக்காய், மாலை, எலுமிச்சம்பழம் என்று ஏக அமர்க்களம். இப்போதெல்லாம் தண்ணீருக்கு ஆள் இறங்க வேண்டியதே இல்லை. கற்பூரம் ஏற்றுமுன் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், ஒன்று விட்டுப்போச்சே என்று சந்தனக் கிண்ணத்தோடு வேலியோரம் போனாள். நான் வழக்கம்போல் சத்தம் போட வாயெடுத்தேன். புதுப் பெண்ணாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"அதுக்கு வேண்டாம்மா. அது வேலையில இருக்குது."